பச்சைத் திரைக்குப் பின்னால் கேட்ட சிரிப்பு

மாரமங்கலம்
கார்த்திகை, 1992

மரியாதைக்குரிய நர்சம்மா தேவகுமாரிக்கு ஐயாக்கண்ணு கும்பிட்டு எழுதுவது. இங்கே நானும் எருமையும் சுகம். காப்பிப் பழம் சிவந்துவிட்டது. மாற்றலாகி மலையிறங்கிப் போன உங்களுக்குக் கீழே வெயில் ஒத்துக்கொள்கிறதா?

இது முழுக்க என் கையெழுத்து. அறிவொளி வகுப்பில் படித்தேன். எஸ்டேட் ரைட்டரிடம் சொல்லி எழுதவைத்தால் விஷயம் ஊர் முழுக்கப் போய்விடும், அதற்காகவே படித்தேன். என் வீட்டுக்காரி சின்னத்தாயி சாவதற்குச் சில நாள் முன்பு, சுகாதார நிலையத்தில் பச்சைத் திரைக்குப் பின்னால் உங்களிடம் ஏதோ சொன்னாள், இருவரும் சிரித்தீர்கள், நான் வெளியே பெஞ்சில் இருந்தேன். "ஏனுங்க, என்ன சிரிப்பு?" என்றேன். "அது அவங்க சொன்னதுங்க ஐயா. அவங்களையே கேளுங்க" என்றீர்கள். அவளைக் கேட்டால், "உன்கிட்டச் சொன்னா பஸ்ஸு நிக்கற எடத்துல போயி ஒப்பிச்சுருவே" என்றாள். சொல்லாமலே போய்விட்டாள்.

உங்களை மசியவைக்கப் பலாப்பழம் சுமந்துவந்தேன். அதை அறுத்து, வந்திருந்த நோயாளிகளுக்கெல்லாம் கொடுத்து, எனக்கும் ஒரு சுளை நீட்டினீர்கள். வயிற்றுவலி என்று பொய் சொல்லித் திரைக்குள் வந்தேன். நாக்கை நீட்டச் சொன்னீர்கள். நீட்டிய நாக்கோடு எப்படிக் கேட்பது? கடைசியில், "அவதான் போயிட்டாளே, இனி என்னங்க ரகசியம்?" என்று கேட்டேவிட்டேன். "போனவங்க வந்து வேண்டாம்னு சொல்ல முடியாதுங்களே. அதனாலதான் நான் சொல்லக் கூடாது" என்றீர்கள். அன்று நொம்பக் கோபம் எனக்கு. இன்று வீட்டில் என்னை ஏசக்கூட ஆளில்லை. அவள் கடைசியாகச் சிரித்தது அந்தச் சிரிப்புதான். அது உங்களிடம் இருக்கிறது, என்னிடம் இல்லை.

நீங்கள் எழுதினால் நானே படித்துக்கொள்வேன், வேறு யார் காதிலும் விழாது. சத்தியம்.

சேர்வராயன் சாமி உங்களையும் பிள்ளைகளையும் குறையில்லாமல் வைத்திருக்கட்டும்.

இப்படிக்கு
ஐயாக்கண்ணு
(கைநாட்டு அல்ல)

பின்குறிப்பு: நம் ஊரில் எந்தக் கடிதத்தையும் சத்தமாகப் படித்துப் பார்த்த பிறகுதான் தபாலில் போடுவோம். பஸ் நிற்கும் இடத்தில் வைத்துப் படித்தேன். மாதப்பன் பிழையே இல்லை என்றான். மருதாயி அழுதாள். எல்லோரும் உங்கள் பதிலுக்குக் காத்திருக்கிறார்கள். ஆகையால் சொல்ல வேண்டாம் நர்சம்மா. சின்னத்தாயி சரியாகத்தான் சொன்னாள். ஒன்று மட்டும் தெரிந்தால் போதும். அவள் சிரித்தது என்னைப் பற்றித்தானே? ஆமாம் என்றால், ஒன்றும் எழுதாமல் வெறும் கார்டு போடுங்கள். அதை நான் யாருக்கும் படித்துக்காட்ட முடியாது.