நடுவில் ஒரு துண்டு

சலவை இயந்திரத்திலிருந்து எடுத்த பென்டிரைவ் பளபளவென்று, நல்ல வாசனையோடு இருந்தது. வேலைதான் செய்யவில்லை.

"துணி போடறதுக்கு முன்னாடி சட்டைப் பையைப் பாருன்னு எத்தனை தடவை சொல்றது?" என்றாள் அம்மா, ஈரச் சட்டையை உதறியபடி.

"எதுக்கும் பத்திரமா இருக்கட்டும்னுதான்மா பையில வெச்சேன்."

எதைச் சொன்னாலும் 'எதுக்கும்' என்று ஆரம்பிப்பதால் தம்பிக்கு வீட்டில் அதுவே பெயராகிவிட்டது.

அக்கா மரப்பொம்மை செய்பவள். மறுநாள் காலை ஒரு பெரிய கடையில் தன் பொம்மைகளைக் காட்ட வேண்டும். பிடித்துப்போனால் ஒரு அலமாரி முழுக்க அவளுக்கு. பொம்மைகள் நடப்பதைத் தம்பிதான் வீடியோ எடுத்திருந்தான். வீடியோ அவன் பக்கம். அதைச் சேர்க்க வேண்டிய விளக்கப் படங்கள் அவள் பக்கம். கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டிய பென்டிரைவ் இப்படி ஆயிற்று; இணையமும் காலையிலிருந்தே படுத்துவிட்டது.

பக்கம் என்றால், ஒரே கம்ப்யூட்டரின் பக்கம். அக்காவுக்கு விண்டோஸ். மாலை வகுப்பில் படிக்கும் தம்பிக்கு லினக்ஸ். ஆன் செய்ததும் யார் பக்கம் என்று கேட்டுத்தான் திறக்கும். முன்பு ஒருமுறை தம்பி சுத்தம் செய்யப்போய் அக்காவின் வரைபடங்கள் காணாமல் போயின. நில அளவையாளரான அப்பா, ஹார்ட் டிஸ்க்கைச் சரிபாதியாகக் காகிதத்தில் கோடு போட்டுப் பிரித்து, "இனிமே ஒருத்தர் எல்லைக்குள்ள இன்னொருத்தர் கால் வைக்கக் கூடாது" என்று தீர்ப்புச் சொன்னார். அம்மாதான் கடைக்குத் தூக்கிப்போய், ஒருவர் பக்கம் இன்னொருவருக்குத் திறக்காதபடி பிரித்து வாங்கி வந்தாள்.

"பொதுவா ஒரு இடம் ஒதுக்கிட்டா போதும்கா. நான் போடறேன், நீ எடுத்துக்கோ."

"என் இடத்துலேருந்து துளிகூடத் தர மாட்டேன்."

"என்னோடதையே சுருக்கறேன்."

சுருக்கினான். திரையில் எல்லைக்கோடு கொஞ்ச தூரம் நகர்ந்து நின்றுவிட்டது. ஒவ்வொரு பாடக் குறிப்புக்கும், எதுக்கும் இருக்கட்டும் என்று ஏழெட்டு நகல் வைத்திருந்தான். கிடைத்த இடத்தில் பாதி வீடியோதான் உட்காரும்.

அக்கா பல்லைக் கடித்துக்கொண்டு தன் பக்கத்தையும் சுருக்கச் சம்மதித்தாள். அதன் பிறகு அவளுடைய விளக்கப் படங்களைச் சேமிக்கவே இடமில்லை என்றது கம்ப்யூட்டர். போதாக்குறைக்கு, இரண்டு காலியிடமும் ஒட்டாமல் ஆளுக்கொரு மூலையில் கிடந்தன.

"இருந்ததும் போச்சு!" என்று அக்கா தலையில் கை வைத்தாள்.

அப்பா மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வந்தார். திரையின் மேல் ஸ்கேலை வைத்து அளந்தார்.

"நடுவுல இது யாரோட துண்டு?"

இரண்டு பக்கத்துக்கும் இடையில் பெயரில்லாத ஒரு கட்டம் இருந்தது.

"அவனோடதுப்பா."

"அக்காவோடதுப்பா."

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"டேய், என் பக்கம் திறந்தா தினமும் அது தெரியுது. உன்னோடதாச்சேன்னு தொடாம விட்டேன்."

"எனக்கும்தான் தெரியுது. உன்னோடதுன்னு நான் எட்டிக்கூடப் பாக்கலையே!"

"நடிக்காதே. அப்பா, இவன் ராத்திரியோட ராத்திரியா வேலியைத் தள்ளிப் போட்டிருக்கான்."

"சுத்தமான ஆக்கிரமிப்பு" என்றார் அப்பா. குரலில் அலுவலக உற்சாகம். "யாரும் உரிமை கொண்டாடலைன்னா அகற்றிடலாம்."

அழித்தால் அக்கா விட்ட காலியிடத்தோடு அது ஒட்டிக்கொள்ளும். வீடியோவுக்குத் தாராளமாக இடம் கிடைக்கும். தம்பி கட்டத்தைத் தேர்ந்தெடுத்தான். 'நிச்சயமாக அழிக்கலாமா?' என்று கேட்டது. 'ஆம்' வரை போன விரல் நின்றது.

"எதுக்கும்..."

"ஆரம்பிச்சுட்டான்" என்றாள் அக்கா.

"எதுக்கும் ஒரு தடவை திறந்து பாத்துட்டு அழிக்கலாமே."

திறந்தான். மூவரும் குனிந்து பார்த்தார்கள். உள்ளே ஒன்றுமே இல்லை. அந்த வீடியோவைப் போல நாலைந்து வீடியோக்களைப் போடலாம், அவ்வளவு இடம். சந்தேகத்தோடு வீடியோவை அதில் போட்டான். அக்கா கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டு, தன் பக்கத்தைத் திறந்தாள். பெயரில்லாத கட்டத்துக்குள்ளிருந்து மர யானை தலையை ஆட்டிக்கொண்டு நடந்து வந்தது.

விளக்கப் படங்களையும் அங்கேயே சேமித்தாள். இந்தத் தடவை இடமில்லை என்று கம்ப்யூட்டர் சொல்லவில்லை.

"அலமாரி எனக்குத்தான்டா, எதுக்கும்!" என்று தம்பியின் முதுகில் ஓங்கித் தட்டினாள்.

"அதெல்லாம் சரி, இது யாரோடது?" என்றார் அப்பா, ஸ்கேலைக் கீழே வைக்காமல்.

கடைசிச் சட்டையையும் காயப்போட்டுவிட்டு வந்த அம்மா திரையை எட்டிப் பார்த்தாள்.

"அதுவா? நீங்க போட்டுக் குடுத்த கோட்டுல ரெண்டு பேரும் வந்து போகப் பாதையே விடலையே. அதான் கடைக்காரர்கிட்ட நடுவுல பொதுவா ஒண்ணு விடச் சொன்னேன்."