ஏழாம் மாடியில் மூன்று நிரபராதிகள்

குற்றவாளியைப் பிடிக்க ஒரு போலீஸ்காரர் போதும். நிரபராதியைப் பிடிக்கத்தான் கமிட்டி வேண்டும். அப்பேர்ப்பட்ட கமிட்டி ஒன்று, ஒரு செவ்வாய்க்கிழமை காலை, டீ ஆறுவதற்குள் மூன்று நிரபராதிகளைப் பிடித்துவிட்டது.

கட்டுப் போட்ட கையோடு எதிரே நின்றவர் லிஃப்ட்காரர். இருபத்தொன்பது வருஷமாக எல்லாரையும் மேலே ஏற்றிவிட்டு, தான் மட்டும் அதே ஸ்டூலில் உட்கார்ந்திருந்தவர். ஓய்வுக்கு எட்டு மாதம்தான் பாக்கி. போன மாதம் கயிறு அறுந்து லிஃப்ட் விழுந்தது. அவருக்குக் கை முறிந்தது, உள்ளே இருந்த டைப்பிஸ்ட் அம்மாவுக்குக் கால். கயிறு நைந்துவிட்டது என்று அதற்கு முன்பே மூன்று கடிதம் எழுதிக் கொடுத்திருந்தார்.

கமிட்டித் தலைவர் சும்மா வரவில்லை, அகராதியோடு வந்திருந்தார். ‘இன்னசென்ட்’ என்ற சொல் லத்தீனில் பிறந்ததாம். ‘இன்’ என்றால் இல்லை, மிச்சச் சொல்லுக்குத் தீங்கு என்று அர்த்தம். ஆக, தீங்கு செய்யாதவர். மற்ற மூவரும் அன்றைக்குத்தான் பிறந்த குழந்தைகள் மாதிரி கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

கயிற்றைப் பார்க்க வேண்டிய மெக்கானிக் பார்க்கவில்லை. கடிதத்தைப் படிக்க வேண்டிய மேனேஜர் படிக்கவில்லை. புதுக் கயிற்றுக்குக் கையெழுத்துப் போட வேண்டிய டைரக்டர் போடவில்லை. ஒன்றுமே செய்யாதவர்கள் தீங்கு மட்டும் எப்படிச் செய்வார்கள்? மூவரும் ‘இன்னசென்ட்’ என்று பதிவாயிற்று. கமிட்டியின் மூன்று உறுப்பினர்களும் அவர்களேதான் என்பது தற்செயல்.

“அப்ப அன்னைக்கு ஏதாவது செஞ்சது யாரு?” என்றார் தலைவர்.

“நான்தான் சார். பட்டனை அமுக்குனேன். அதுக்கு முன்னாடி மூணு லெட்டர் எழுதுனேன்.”

“அப்ப ஆபத்துன்னு தெரிஞ்சேதான் ஓட்டியிருக்கீங்க” என்றார் மேனேஜர்.

“ஓட்டலேன்னா வேலை போயிடும்னு சொன்னீங்களே சார்.”

“சொன்னேன். செஞ்சேனா?”

கயிற்றில் பழுதே இல்லை, பழுது ஓட்டியவரிடம்தான் என்று அறிக்கை முடிந்தது. கூடவே வேலை நீக்க உத்தரவு. கையெழுத்துக்கு அன்றைக்குப் பஞ்சமே இல்லை.

லிஃப்ட்காரர் உத்தரவை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். வெளியே வந்து லிஃப்ட் கதவைத் திறந்து பிடித்தார். அறுந்த முனையை வெட்டி எறிந்துவிட்டு, அதே கயிற்றைத்தான் திரும்ப மாட்டியிருந்தார்கள்.

“கயிறு நல்லாருக்குன்னு நீங்களே எழுதிட்டீங்க. வாங்க சார், கடைசியா ஒரு தடவை கீழே கொண்டுபோய் விட்டுடறேன்.”

டைரக்டருக்கு மூட்டுவலி. மேனேஜருக்கு மூச்சிரைப்பு. தலைவர் கையில் கனமான அகராதி வேறு. தீங்கறியாத அந்த நான்கு பேரும், ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல், ஏழு மாடியையும் படி வழியாகவே இறங்கிப் போனார்கள்.