காஞ்சனாவுக்கு முன் சீட்டு

"வண்டி கீதாடா ஹேமா?"

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு கேட்டுக்கு வெளியே அந்தக் குரல் கேட்டதும், ஹேமநாத் பல் துலக்குவதை நிறுத்தினான். வேறு யார், ஊரிலிருந்து சந்திரம்மா அத்தைதான். அவளுக்குப் பின்னால் பாலையா மாமா, கையில் ஒரு மஞ்சள் பையோடும் நான்கு எலுமிச்சம்பழத்தோடும் நின்றார்.

உள்ளே அவன் மனைவி காஞ்சனா அப்போதுதான் தலையில் மல்லிகை வைத்துக்கொண்டிருந்தாள். அன்றைக்கு இருவர் மட்டும் காரில் கைலாசகோனா அருவிக்குப் போவதாக ஏற்பாடு. அவள் பூவை எடுத்து ஆணியில் மாட்டிவிட்டு, இன்னும் இரண்டு தட்டு இட்லி ஊற்றப் போனாள்.

"வண்டி கீது அத்தே. எங்கியானா போவணுமா?"

"மேல திருமலைக்குப் போய் சாமிய பாத்துட்டு வர்லாம்னு வந்தோம். பஸ்சு எதுக்கு, அதான் உன் கார் கீதே" என்றாள் அத்தை. சொல்லிவிட்டு ஒரு பழத்தை மூக்கருகே வைத்துக்கொண்டாள்.

அது தொண்ணூற்றேழாம் வருஷம். இப்போது திருப்பதியில் தடுக்கி விழுந்தால் கார்மேல்தான் விழ வேண்டும். அப்போது பைராகிப்பட்டேடாவில் ஹேமநாத் குடியிருந்த சந்துக்கே ஒரு கார்தான், அது அவனுடையது. புத்தூரில் கூட்டுறவு சொசைட்டி வேலையை விட்டுவிட்டு, தண்ணீர் மோட்டார் விற்கும் தனியார் கம்பெனியில் சேர்ந்து, கழுத்தில் டை கட்டப் பழகி, ஒரு டாக்டர் ஓட்டி முடித்த சின்ன வெள்ளைக் காரை வாங்கினான். மலையடிவாரத்து அலிபிரியில் பூஜை போட்டு வண்டியை நகர்த்தினபோது காஞ்சனாவின் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். கல்யாணத்தன்றுகூட அவள் அப்படிச் சிரிக்கவில்லை என்று அவனே சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனான்.

ஆனால் பெரிய ஊரில் காரால் என்ன பிரயோஜனம்? ஆபீஸ் இரண்டு கிலோமீட்டர். ஸ்கூட்டரில் பத்து நிமிஷம். காரில் போன முதல் நாள், யாத்ரீகர் பஸ்களுக்கு நடுவே முக்கால் மணி நேரம் மாட்டிக்கொண்டான். பிறகு நிறுத்த இடம் தேடித் தெருத் தெருவாகச் சுற்றினான். கடைசியில் ஒரே ஒரு இடம்தான் கிடைத்தது, அவன் வீட்டு வாசலில். அங்கே நிறுத்திவிட்டு ஸ்கூட்டரில் ஆபீசுக்குப் போனான். அன்றிலிருந்து திங்கள் முதல் சனி வரை கார் வாசலில்தான் நின்றது.

ஞாயிற்றுக்கிழமை அது ஊர்க்காரர்களுக்கு. கார்வேட்டிநகரத்துப் பக்கத்து ஊரிலிருந்து வாரத்துக்கு ஒரு குடும்பம் தவறாமல் வந்து இறங்கியது. மலைப்பாதை வளைவுகளில் வாந்தி வருகிறவர்களுக்கு முன் சீட்டு. வாந்தி எல்லோருக்கும் வந்தது. ஆகையால் வாங்கி ஏழு மாதமாகியும் காஞ்சனா பின் சீட்டின் நடுவில், மடியில் புளிசாதத் தூக்கோடு உட்கார்ந்திருந்தாள்.

ஸ்கூட்டர் காலம் வேறு. பின்னால் உட்கார்ந்து அவன் காதுக்குள் ஊர்க்கதையெல்லாம் சொல்லிக்கொண்டே வருவாள். பாதியைக் காற்று கொண்டுபோய்விடும். மீதிக்கே அவன் சிரித்துச் சிரித்து வண்டியை ஆட்டுவான். இப்போது பின்னால் பார்க்கும் கண்ணாடியில் அவள் நெற்றிப் பொட்டு மட்டும் தெரிந்தது. அதைப் பார்க்கப் பார்க்க ஹேமநாத்துக்குத் துக்கமாக இருந்தது.

அத்தையையும் மாமாவையும் புத்தூர் பஸ் ஏற்றிவிட்டு வந்த சாயங்காலம் காஞ்சனா சொன்னாள்: "ஒரே ஒரு தடவங்க. நாம ரெண்டு பேரு மட்டும். நான் முன்னால குந்திக்கினு போவணும். அப்பறம் வண்டிய வெச்சிக்கினாலும் சரி, வித்தாலும் சரி."

"அடுத்த வாரம் பாரு" என்றான் ஹேமநாத்.

அடுத்த சனிக்கிழமை காருக்குத் தார்ப்பாய் போட்டு மூடினான். எஸ்.டி.டி. பூத்துக்குப் போய், ஊரில் போன் வைத்திருந்த ரேஷன் கடைக்காரரைக் கூப்பிட்டு, "வண்டி ரிப்பேரு, நைனா கிட்ட சொல்லிடுங்க" என்று அப்பாவுக்குச் சொல்லியனுப்பினான்.

மறுநாள் காலை இருவருக்குப் பதில் ஐந்து பேர் வந்தார்கள். முன்னால் வந்தவன் சித்தப்பா மகன் சண்முகம். ஊரில் டிராக்டர் மெக்கானிக்.

"ரிப்பேர்னு கேட்டதும் மனசு கேக்கலண்ணே" என்று சட்டையைக் கழற்றினான்.

"அதெல்லாம் வாணாம்டா சண்முகம், தானா சரியாப்பூடும்."

"தானா சரியாவ அது இன்னா சளி காச்சலா?"

மத்தியானத்துக்குள் என்ஜினைப் பிரித்து வாசலில் பரப்பி, திரும்பவும் மாட்டினான். மூன்று நட்டு மிச்சம் விழுந்தது. "இதெல்லாம் கூடுதலுக்குப் போட்டுக்கீறாங்க" என்று ஹேமநாத் கையில் கொடுத்தான். சாவியைத் திருப்பியதும் வண்டி கிளம்பிவிட்டது. ஓடுகிறதா என்று பார்க்க எல்லோரும் ஏறிக்கொண்டார்கள். பார்த்துக்கொண்டே திருமலை வரைக்கும் போனார்கள். என்ஜின் சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்க வேண்டுமென்று சண்முகம் முன் சீட்டில் உட்கார்ந்தான்.

வண்டி கண்ணில் பட்டால்தானே வம்பு? அடுத்த வெள்ளிக்கிழமை ஹேமநாத் அதைச் சித்தூருக்கு ஓட்டிக்கொண்டு போய், அங்குள்ள கம்பெனிக் கிளையில் வேலை பார்த்த ஹரிபாபு வீட்டில் விட்டுவிட்டு, பஸ்சில் திரும்பினான். கம்பெனி வேலைக்காக வண்டி வெளியூர் போயிருக்கிறது என்று ஊருக்குப் போன் போட்டான்.

ஞாயிற்றுக்கிழமை ஆறு மணி ஆயிற்று, ஒன்பதும் ஆயிற்று, யாரும் வரவில்லை.

"எல்லாஞ் சரி, நாம எதுல போறதுங்க?" என்றாள் காஞ்சனா.

அப்போதுதான் ஹேமநாத்துக்கு உறைத்தது. அசடு வழிய ஸ்கூட்டரை வெளியே எடுத்தான். அவள் சிரித்தபடி பின்னால் ஏறி, அவன் தோளில் கை வைத்தாள். சந்து முனையில் ஹாரன் சத்தம் கேட்டது.

வெள்ளைக் கார் வந்து நின்றது. உள்ளேயிருந்து ஏழு பேர் இறங்கினார்கள். வெல்லம் விற்கச் சித்தூர் மண்டிக்குப் போயிருந்த பாலையா மாமா, கடைத்தெருவில் காரைப் பார்த்துவிட்டார். காய்கறி வாங்க அதில் வந்திருந்த ஹரிபாபுவைத் திருடன் என்று பிடித்து, மண்டி ஆட்கள் ஐந்து பேரைக் காவலுக்கு ஏற்றி, அவரையே ஓட்ட வைத்துக் கொண்டுவந்திருந்தார்.

"கெடச்சிடுச்சு மாப்ளே! கம்பெனி வேலன்னு உன்ன ஏமாத்திட்டு இந்தாளு கத்திரிக்கா வாங்கிக்கினு கீறான்!"

ஹரிபாபுவின் சட்டையில் இரண்டு பொத்தான் இல்லை. "ஒத்தய்யா, நீ காரே ஒத்து!" என்று தெலுங்கில் காரே வேண்டாமெனக் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு, கத்திரிக்காய்ப் பையோடு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தார்.

"இந்த சந்தோசத்துக்கு மேல போய் ஒரு தேங்கா ஒடச்சிட்டு வர்லாமா மாப்ளே?" என்றார் மாமா. ஐந்து பேரும் ஏற்கெனவே ஏறிவிட்டார்கள்.

ஹேமநாத் அன்றே முடிவுக்கு வந்தான். இரண்டே வாரத்தில், ரேணிகுண்டாவில் ஓட்டல் வைத்திருந்த ஒருவர் விலை பேசி முடித்தார். அவர் சனிக்கிழமை வண்டி எடுக்க வந்தபோது ஹேமநாத் தயங்கித் தயங்கிக் கேட்டான்: "சார், ஒரே ஒரு ரவுண்டு. நானும் இவளும் மட்டும் போய்ட்டு வந்துடறோம்."

"தாராளமா" என்றார் அவர்.

காஞ்சனா உள்ளே ஓடி, புடவை மாற்றி, பூ வைத்துக்கொண்டு வந்தாள். அதற்குள் ஓட்டல்காரரோடு வந்திருந்த அவர் அம்மா முன் சீட்டில் ஏறிச் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார். அந்த அம்மாளின் கையில் ஒரு எலுமிச்சம்பழம் இருந்தது.

"போவட்டும் வுடுங்க" என்றாள் காஞ்சனா. கார் சந்து திரும்பும் வரை இருவரும் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

மறுநாள் விஷயத்தைச் சொல்ல ஊருக்குப் பஸ் ஏறினார்கள். ஜன்னலோரம் உட்கார்ந்த காஞ்சனா, புத்தூர் தாண்டியதும் அவன் காதருகே குனிந்து ஏதோ சொன்னாள். ஹேமநாத் சத்தமாகச் சிரித்துவிட்டான், கண்டக்டர்கூடத் திரும்பிப் பார்த்தார். எத்தனை மாதம் ஆயிற்று இப்படிச் சிரித்து என்று நினைத்துக்கொண்டான்.

ஆனால் ஊர் நெருங்க நெருங்க அவன் சிரிப்பு அடங்கியது. அந்தக் காரின் மேல் ஊருக்கு எவ்வளவு ஆசை! நைனாவுக்கு எவ்வளவு பெருமை! எல்லோர் ஆசையிலும் மண்ணள்ளிப் போட வந்திருக்கிறோமே என்று தன்னையே நொந்துகொண்டான்.

வீட்டு வாசலில் உறவுக்காரர்கள் பத்துப் பதினைந்து பேர் கூடியிருந்தார்கள். ஏதோ காரசாரமாகப் பேசிக்கொண்டிருந்தவர்கள், இவர்களைப் பார்த்ததும் சட்டென்று நிறுத்தினார்கள். நைனா எழுந்து, இவர்களுக்குப் பின்னால் தெருவில் காரைத் தேடினார்.

"நைனா, வண்டிய வித்துட்டேன்" என்றான் ஹேமநாத், தலை குனிந்தபடி. "இனிமே நீங்கல்லாம் வந்தா பஸ்லதான் மேல போவணும். என்ன மன்னிச்சிடுங்க."

நைனா மெதுவாகத் திண்ணையில் உட்கார்ந்தார். சந்திரம்மா அத்தைதான் முதலில் எழுந்து வந்து, அவன் முகவாயைத் தொட்டுத் தன் கையை முத்தமிட்டாள்.

"நீ நல்லாருக்கணும்டா ராஜா! கார வாங்கிட்டு ஏறறதுக்கு ஆளில்லாம வாசல்லியே நிறுத்தி வெச்சிக்கினு புள்ள ஏங்கறான்னு உங்க நைனா ஏரித் தண்ணிக்கு வெக்கிற மாதிரி வூட்டுக்கு வூடு முறை வெச்சிட்டாரு, அடுத்த ஞாயித்துக்கெழம வாந்தி எடுக்கப் போறது யாருன்னுதான் காலையிலருந்து இங்க சண்ட நடந்துக்கினு கீது!"