மணப்பெண்ணிடம் தின்னாதே என்றேன்

நாயைப் படம் எடுக்கப் போகிறவர்கள் லென்ஸைத் துடைப்பதற்கு முன்னால், அந்த நாய்க்கு என்ன பாஷை தெரியும் என்று விசாரித்துக்கொள்ள வேண்டும். எனக்கு இதை யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் அன்றைக்கு இருந்த திமிரில் கேட்டிருக்க மாட்டேன்.

அப்போது நான் திருப்பதியில் ஒரு ஸ்டுடியோவில் கல்யாண ஆல்பம் எடுத்துக்கொண்டிருந்தேன். மாப்பிள்ளை காதில் ரகசியம் சொல்வது, பெண் மருதாணிக் கையால் முகத்தை மூடுவது என்று ஒரே படத்தைத் திரும்பத் திரும்ப எடுத்து வெறுத்துப் போயிருந்தேன். இதையெல்லாம் நாய்களை வைத்து எடுத்தால் என்ன என்று ஒருநாள் தோன்றியது. பெண் பார்ப்பதிலிருந்து பந்திச் சண்டை வரைக்கும் ஒரு முழுக் கல்யாணம், எல்லோரும் நாய், ஒரு சிரிப்புப் புத்தகம். சென்னையில் ஒரு பதிப்பகத்துக்கு எழுதிப் போட்டேன். அங்கிருந்து ஒரு மேடம் பேசினார். திருமலைக்குச் சாமி கும்பிட வருகிறாராம், இறங்கும்போது நம் நாய்களையும் பார்த்துவிட்டுப் போகிறாராம்.

நகரியில் இருக்கும் நைனாவிடம், அதாவது என் அப்பாவிடம், இதைச் சொன்னேன். விசைத்தறிச் சத்தத்துக்கு நடுவே பொறுமையாகக் கேட்டுவிட்டு, சித்தூர்ப் பக்கம் ஒரு மாம்பழக்கூழ் ஃபேக்டரியில் எனக்கு ஆபீஸ் வேலை பேசி வைத்திருப்பதாகச் சொன்னார். மேடம் சரி என்றால் நாய், இல்லை என்றால் மாம்பழம். இதுதான் எங்களுக்குள் பேச்சு. (மாம்பழத்தின் மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. ஆனால் கூழைப் போய் யார் படம் எடுப்பார்கள்?) என்ன ஆனாலும் எடுத்தே தீருவது என்று முடிவு செய்தேன்.

மணப்பெண், கீழ் வீட்டு ரமணம்மாவின் சின்னி. வெள்ளைவெளேர் பொமரேனியன். அழகைவிட அதன் அடக்கத்தைப் பார்த்துத்தான் தேர்ந்தெடுத்தேன். மூக்குக்கு நேரே பிஸ்கட்டை வைத்தாலும், ரமணம்மா தெலுங்கில் "தினு" என்று சொல்லும்வரை ஜொள்ளு வடிய அப்படியே உட்கார்ந்திருக்கும். மாப்பிள்ளை எங்கள் நகரி வீட்டுக் கருப்பன். என்னைக் கையோடு கூழுக்கு அழைத்துப் போக வந்த நைனா, அவனையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்திருந்தார்.

இன்னொரு முடிவும் செய்திருந்தேன். மேடம் எதிரில் சுத்தத் தமிழ்தான். சென்னையில் படிக்கப் போனபோது, ஹாஸ்டலில் முதல்நாள் பக்கத்து அறைப் பெண்ணிடம் "துன்னுட்டியா?" என்று பாசமாகத்தான் கேட்டேன். படிப்பு முடியும்வரை என் பெயரே துன்னு. அந்த எரிச்சல் எனக்கு ஆறவே இல்லை.

மேடம் மொட்டைத் தலையும் சந்தனமுமாக எங்கள் மொட்டைமாடிக்கு வந்து சேர்ந்தார். ஆபீஸில் எல்லோருக்கும் கொடுக்க வாங்கிய லட்டுகளை எங்கே வைப்பது என்று பார்த்தார். சுத்தமாக இருந்த ஒரே இடம் நான் ஜோடித்து வைத்திருந்த மணமேடைதான். கவரில் வேர்த்துப் போகிறது, கொஞ்சம் காற்றாடட்டும் என்று பிரித்தும் வைத்தார்.

பட்டுப்பாவாடை, நெற்றிச்சுட்டியோடு உட்கார்ந்திருந்த சின்னி லட்டைப் பார்த்தது. பார்த்தது, அவ்வளவுதான். ஒரு அடி நகரவில்லை. பக்கத்தில் மாப்பிள்ளை தலைப்பாகையோடு தூங்கிக்கொண்டிருந்தார். நான் பேசாமல் ஷட்டரை அமுக்கியிருந்தால் என் வாழ்க்கையிலேயே நல்ல படம் அதுதான். என் வாய் சும்மா இருந்தால்தானே. "துன்னாத" என்று நாக்கு நுனிவரை வந்ததை விழுங்கிவிட்டு, மேடம் காதில் நன்றாக விழும்படி சொன்னேன்.

"சின்னி, தின்னாதே!"

சின்னி என்னை ஒரு மாதிரி பார்த்தது. சொல்கிற ஆள் புதிது, ஆனால் சொல் பழகின சொல்தான், அதே தினு. ஒரு லட்டை எடுத்துக் கடித்தது. நான் "தின்னாதே" என்று கத்தினேன். அடுத்ததை எடுத்தது. இன்னும் சத்தமாகக் கத்தினேன், இன்னும் வேகமாகத் தின்றது. ஒவ்வொரு லட்டுக்கும் என் வாயாலேயே அனுமதி கொடுத்துக்கொண்டு ஓடினேன். ஓடின வேகத்தில் மாப்பிள்ளை மேல் விழுந்தேன். கருப்பன் எழுந்து நிலவரத்தைப் பார்த்துவிட்டு அவனும் பந்தியில் உட்கார்ந்தான்.

சத்தம் கேட்டு மேலே வந்த ரமணம்மா, "வத்து" என்று ஒரு சொல் சொன்னார். சின்னி வாயில் இருந்ததைக் கீழே வைத்துவிட்டது. "வத்து அனாலம்மா," என்றார் என்னிடம். வேண்டாம் என்பதற்கு அதைத்தான் சொல்ல வேண்டுமாம். எனக்கா தெலுங்கு தெரியாது? பள்ளிக்கூடமே தெலுங்கில்தான். நாயும் அதே மீடியம் என்று தோன்றவில்லை. அவர் சின்னியை டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடினார். ஒன்றும் ஆகாது என்று போன் வந்த பிறகுதான் எனக்கு மூச்சே வந்தது.

நைனா என்னைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார். "நம்ம வூட்டு பேச்சுல துன்னாதன்னு சொல்லியிருந்தா அது பாட்டுக்கு குந்திகினு இருந்திருக்கும். உன்ன யாரு படிச்ச தமிழு பேசச் சொன்னது?"

அழுகை முட்டிக்கொண்டு வந்தது. ஆனாலும் விடவில்லை. சின்னி வரட்டும், மறுபடி ஜோடித்து எடுக்கிறேன், எடுக்காமல் உங்களை அனுப்ப மாட்டேன் என்று மேடத்திடம் சொன்னேன். அவர் நான் முன்பே எடுத்து வைத்திருந்த படங்களை ஒன்று விடாமல் பார்த்தார்.

"ரொம்ப அழகா இருக்கும்மா. சிரிப்புதான் வரல."

போச்சு, மாம்பழம்தான் என்று நினைத்தேன். பிரசாதம் போன வருத்தத்தில் இருக்கிறாரே, கொஞ்சம் தேற்றலாம் என்று நைனா அப்போதுதான் தன் போனை நீட்டினார். நடந்ததை அவர் பாட்டுக்கு எடுத்துக்கொண்டிருந்திருக்கிறார். முன்னால் சின்னி, கன்னம் உப்பி, முகத்தில் பரம நிம்மதி. பின்னால் நான், தலை விரிந்து, வாய் பிளந்து, சாமி வந்தவள் மாதிரி. ஓரத்தில் நைனாவின் கட்டைவிரல். மேடம் சிரித்துச் சிரித்துத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். இதுதான் அட்டை என்றார். மற்றதையும் இதே மாதிரி எடுத்துக் கொடு, போடுகிறோம் என்றார். எனக்குச் சந்தோஷமா வயிற்றெரிச்சலா என்றால், இரண்டும்தான்.

கூழுக்குப் போகவில்லை. ஜோடிப்பதைக் குறைத்து, நாய்களை அவை போக்கில் விட்டு, மழைக்காலம் முழுக்க எடுத்து முடித்தேன். 'தின்னாதே' என்ற பெயரில் புத்தகம் வந்தது, அட்டையில் கட்டைவிரலோடு. நைனா அதை நகரியில் வீடு வீடாகக் காட்டினார். அட்டை தான் எடுத்தது, உள்ளே இருப்பதெல்லாம் பொண்ணு எடுத்தது என்று சொல்லிக்கினு திரிந்தார்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் தின்னாதே என்றால் சாப்பிடு என்று அர்த்தம். என் கல்யாணப் பந்தியிலும் நைனா பழக்க தோஷத்தில் கையைக் கூப்பிக்கொண்டு, வரிசையாகச் சம்பந்தி வீட்டாரிடம், "தின்னாதீங்க, வெக்கப்படாம தின்னாதீங்க," என்று உபசரித்துக்கொண்டே போனார். அவர்கள் அத்தனை பேரும் இலையிலிருந்து கையை எடுத்துவிட்டார்கள். மாப்பிள்ளை மட்டும் லட்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். பெண் பார்க்க வந்த அன்றைக்கே அட்டைப் படத்தின் கதையைச் சொல்லி, புத்தகத்தைக் கையில் கொடுத்துத்தான் அனுப்பியிருந்தேன்.