அசையாத பீரோ

சம்பந்தி மதுசூதனன் ஸ்வாமிக்கு ஸ்ரீரங்கம் அழகியமணவாளன் அநேக நமஸ்காரம். பெருமாள் கிருபையில் ஆத்தில் எல்லாரும் சௌக்கியம், இங்கே லாரியும் சௌக்கியம். அங்கே தாங்களும் மாமியும், மாப்பிள்ளை ஹ்ருஷிகேஷும் எங்கள் மைத்ரேயியும் சௌக்கியமாக இருப்பீர்கள்.

நாளை விஜயதசமியன்று விடிகாலையில் குழந்தைகள் நாமக்கல் புதுவீட்டில் பால் காய்ச்சுவதற்கு முன் வந்து சேர வேண்டிய சாமான்களோடு, தொட்டியம் டீக்கடையில் உட்கார்ந்து எழுதுகிறேன். டிரைவர் கியாசுதீன் இந்தக் கடிதத்தைப் போட்டோ எடுத்து உங்களுக்கு அனுப்புவார். சந்தோஷத்தில் எழுதுகிறேன், எழுத்தை மன்னிக்கவும்.

போன தடவை கல்யாணச் சீர் வந்தபோது நிலைக்கண்ணாடி நொறுங்கிப்போய், "ஃபாக்டரியில டிஸ்பாட்ச் பாத்தவர் கட்டினதா இது?" என்று நாலு பேர் முன்னால் கேட்டீர்கள். சிரித்துக்கொண்டுதான் கேட்டீர்கள், ஆனாலும் எனக்கு மானம் போய்விட்டது. பாய்லர் டிரம்மையெல்லாம் ட்ரெய்லரில் ஏற்றி வடக்கே அனுப்பினவன், பெத்த பொண்ணு சாமானை உடைத்து அனுப்பினால் எப்படித் தலைகாட்டுவது? அதனால் இந்தத் தடவை ஒருத்தரையும் தொட விடவில்லை. கனமான சாமான் எல்லாம் முன்னால் கேபினை ஒட்டி, லேசானது மேலே, சந்து தெரிந்த இடத்திலெல்லாம் மெத்தை, தலையணை. ஊஞ்சல் பலகையில் எடையின் நடு எங்கே என்று சிவப்புப் பெயிண்டில் அடையாளம் போட்டேன், அரவிந்தவல்லி "ஏன்னா, தேக்குப் பலகைன்னா அது" என்று தலையில் அடித்துக்கொண்டு துடைக்கப் போக, அது சாப்பாட்டுத் தட்டு அளவுக்குப் பெரிசாயிடுத்து. கயிறு போதவில்லை. கொடிக்கயிற்றையும் அவிழ்த்தேன், ஈரத்துணியெல்லாம் வாசல் கேட்டில் காய்ந்தது. அப்பவும் மனசு ஆறலை. இந்த இரும்பு பீரோ ஆடினா என்ன பண்றது? கியாசுதீன் டீ குடிக்கப் போன நேரமா நேத்திக்குப் பட்டறை ஆளைக் கூட்டிண்டு வந்து, பீரோ காலை லாரியோட இரும்புத் தளத்துல வெல்டு வெச்சுட்டேன். பெரிய சாமானுக்கு எங்க ஃபாக்டரியில அப்படித்தான். கியாசுதீன் வந்து குனிஞ்சு வெல்டைத் தடவிப் பார்த்தார். அப்புறம், "சார், இது என் சொந்த வண்டிங்க" என்றார். இறக்கும்போது நானே அறுத்துத் தருகிறேன் என்று சமாதானம் சொன்னேன்.

இன்று நொச்சியம் பக்கத்தில் ஆட்டு மந்தை குறுக்கே வந்து அவர் அடித்த பிரேக்கில் என் மூக்குக்கண்ணாடி பறந்தது. ஏறிப் பார்த்தால் பின்னால் ஒரு கரண்டி நகரவில்லை, ஸ்வாமி! கியாசுதீனே அசந்துபோய், "வண்டிதாங்க சார் ஆடுது, சாமான் ஆடலை" என்றார். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. இந்தத் தடவை நாலு பேரையும் கூப்பிட்டு வைத்துக்கொண்டு இறக்குங்கள்.

மாமிக்கு என் நமஸ்காரம். குழந்தைகள் தீர்க்காயுசாக இருக்கட்டும்.

இப்படிக்கு,
அழகியமணவாளன்

பி.கு.: இப்போதுதான் அரவிந்தவல்லி போன் பண்ணினாள். பெருமாள் சன்னிதியில் வைத்துத் தரச் சொல்லி நீங்கள் எங்களிடம் கொடுத்தனுப்பிய புதுவீட்டுச் சாவி பீரோவுக்குள் இருக்கிறதாம். வழியில் கதவு திறந்துகொள்ளக் கூடாதே என்று, கதவைக் கேபின் பக்கம் ஒட்டித் திருப்பித்தான் வெல்டு வைத்தேன், காலை அறுத்தால்தான் கதவு திறக்கும். இன்று ஆயுத பூஜை. வழியெல்லாம் கேட்டுப் பார்த்தேன், பட்டறைகளில் கட்டிங் மிஷின் எல்லாம் பொட்டு வைத்துக்கொண்டு பூஜையில் உட்கார்ந்திருக்கிறது, நாளை மறுபூஜை முடிகிறவரை யாரும் தொட மாட்டார்களாம். பூட்டை உடைத்துக்கொண்டு கிரகப்பிரவேசம் பண்ணுவது நன்றாக இராது. பாலை லாரியிலேயே காய்ச்சிவிடலாமா? அடுப்பு இம்மியும் அசையாது, அதற்கு நான் பொறுப்பு.