ஈரம் படாத அலமாரி

டுலூத், மினசோட்டா

அன்புள்ள அக்கா மார்லிஸுக்கு,

தம்பி ஆர்வில் வணக்கத்துடன் எழுதுவது. நானும் என் மனைவி வெர்னாவும் இங்கே சுகம். அப்பா விட்டுப்போன அரை டாலர் வெள்ளிக்காசு ரோலும் சுகம். அரிசோனா வெயிலில் நீயும் சுகமாக இருக்க வேண்டுகிறேன்.

"ஏரிக்கரை ஈரத்துல வெச்சு வெள்ளியைக் கறுக்க விடறியேடா, மடையா! ரோலை இங்க அனுப்பு" என்று போனில் கத்தினாயே, அதற்குப் பதில்: அனுப்ப மாட்டேன். 1957-இல் வங்கிக்காரர்கள் காசுகளைக் காகிதத்தில் சுருட்டி, இரண்டு முனையையும் மடக்கிக் கொடுத்தார்கள். அப்பா பிரிக்கவில்லை, நாமும் பிரிக்கவில்லை. பிரிக்காத வரைதான் அதற்கு மவுசு. உன் பாலைவனத்துக்கு வந்தால் அந்தக் காகிதம் அப்பளமாக நொறுங்கிவிடும்.

என் பராமரிப்பில் என்ன குறை? கீழ்த்தளத்தில் வைத்திருந்தபோது பனி உருகித் தண்ணீர் புகுந்தது வாஸ்தவம்தான், ஆனால் உடனே மாடிக்குக் கொண்டுபோய் வெர்னாவின் துணி அலமாரியில் வைத்தேன், அவள் கோட்டுகளைக் கீழே இறக்கினேன், அவை பூசணம் பிடித்து நாறி, ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் காபி குடிக்கும் நேரத்தில் அவள் பக்கத்து நாற்காலிகள் காலியாயின, அதற்கு நான் என்ன செய்ய? பெட்டிக்குள் வரும் ஈரம் உறிஞ்சும் பொட்டலத்துக்காக ஜோடி ஜோடியாக பூட்ஸ் வாங்கினால், "உனக்குக் கால் ரெண்டுதானே? நான்தான் சரியா எண்ணலையா?" என்கிறாள். அதற்கும், ஈரத்தை அளக்க அலமாரியில் மாட்டிய ஈரமானியின் முள் இறங்காததால், எங்கள் படுக்கையறையில் ஓடிக்கொண்டிருந்த ஈரம் உறிஞ்சும் மெஷினைத் தூக்கி அலமாரிக்குள் வைத்துக் கதவைச் சாத்தினேன். முள்ளு சரசரன்னு இறங்கிச்சு பாரு அக்கா, எனக்குக் கண்ணுல தண்ணியே வந்துடுச்சு!

படுக்கையறை ஈரத்தில் வெர்னாவுக்கு முழங்கால் வீங்கிவிட்டது; ஒரு கம்பளி எடுத்துக் கொடுத்தேன். "ரோலுக்கு மெஷினு, எனக்குக் கம்பளியா? நானும் காகிதத்தைச் சுத்திக்கிட்டு உள்ள போய் உக்காந்துக்கட்டுமா?" என்று கேட்டாள். இடம் போதாது என்று உள்ளதைச் சொன்னேன்.

ஆகவே, ரோல் இந்த வீட்டைவிட்டு நகராது. இதுவே என் முடிவு.

உன்னையும் உன் கிழட்டு நாயையும் ஆண்டவர் காக்கட்டும்.

பாசமுள்ள தம்பி,
ஆர்வில்

பி.கு.: உறையைத் தேடிக்கொண்டு போனால், வெர்னா பெட்டியைக் கட்டி வாசலில் நிற்கிறாள். கைப்பையில் ரோல். "காய்ஞ்ச ஊருக்கு நாங்க ரெண்டு பேரும் போறோம். உன் அக்காவாவது எங்களை நல்லா வெச்சுக்குவா" என்கிறாள். அக்கா, ரோலை எங்கே வேண்டுமானாலும் போடு, பிரித்தாலும் பிரி. வெர்னாவுக்கு மட்டும் வெயில் விழுகிற அறையாகக் கொடு. மெஷினைப் படுக்கையறைக்கே மாற்றிவிட்டேன், கோட்டுகளையும் வெளுக்க எடுத்து வைத்திருக்கிறேன். இதை நேரில் சொல்ல வாய் வரவில்லை. கடிதத்தை அவளிடமே கொடுத்தனுப்புகிறேன். உறையை ஒட்டவில்லை.