முப்பத்தொரு கிராம் காணவில்லை

மரியாதைக்குரிய அத்தானுக்கு,

வணக்கம். நலம் விசாரிக்கும் மனநிலையில் நான் இல்லை. ஆனாலும் முறை என்று ஒன்று இருப்பதால் விசாரிக்கிறேன். அக்காவின் மூட்டுவலி குறைந்ததா? பிள்ளைகள் ஒழுங்காகப் படிக்கிறார்களா? சந்தோஷம். இனி என் வயிற்றெரிச்சலைக் கேளுங்கள்.

தாங்கள் சிபாரிசு செய்து சேர்த்துவிட்ட இந்தப் பள்ளிக்கூட ஆய்வகத்தில் பதினோரு வருஷமாக ஒரு சோதனைக்குழாயைக்கூட உடைக்காதவன் நான். என்னைத் திருடன் என்று சொல்லிவிட்டார்கள். எதைத் திருடினேனாம்? முப்பத்தொரு கிராம் சோடா! திங்கட்கிழமை வகுப்புக்காக ஸ்டோரில் எண்பத்துநாலு கிராம் சமையல் சோடா வாங்கினேன். சூடு பண்ணினால் அது சலவைச் சோடாவாக மாறும். கார்பன் டை ஆக்சைடும் நீராவியும் கிளம்பிப் போகும். ஐம்பத்துமூணு கிராம் சலவைச் சோடா, இருபத்திரண்டு கிராம் வாயு, ஒன்பது கிராம் தண்ணீர். கூட்டிப் பாருங்க அத்தான், எண்பத்துநாலு வருதா இல்லையா? எடை போட்டேன், சொல்லி வச்ச மாதிரி ஐம்பத்துமூணு. பசங்க கைதட்டினாங்க. அதை டப்பாவில போட்டு ஸ்டோர்கீப்பர்கிட்ட கொடுத்தேன். சாவிக்கொத்துன்னு பேரு வச்சிருக்கோம், இடுப்புல இருபது சாவி. அந்த ஆள் தராசுல வச்சுப் பார்த்துட்டு, "மிச்சம் எங்கே?"ன்னான்.

"காத்துல போயிடுச்சு சார்."

"எல்லாத் திருடனும் இதைத்தான் சொல்றான்."

சொன்னதோட விட்டானா, என் சாப்பாட்டுப் பையைக் கொட்டினான்! வெள்ளரிக்காய்க்குத் தொட்டுக்க உங்க தங்கச்சி மடிச்சுக் கொடுத்த உப்பை எடை போட்டான். தரதரன்னு தலைமையாசிரியை அம்மா அறைக்கு இழுத்துட்டுப் போனான். ரெண்டு பங்கு சமையல் சோடாவுக்கு ஒரு பங்கு சலவைச் சோடாதான் வரும்னு சமன்பாடு எழுதிக் காட்டினேன். "இந்த ரெண்டை நீயே போட்டுக்கிட்டியா?"ங்கறான். "என் கண்ணு முன்னாடி செஞ்சு காட்டுங்க"ன்னாங்க அம்மா. புதுசா எண்பத்துநாலு கிராம் எடுத்துச் செஞ்சேன். அவங்களுக்கு ஏதோ கூட்டமாம், சீக்கிரம் சீக்கிரம்னு அவசரப்படுத்தினதுல அடுப்பை முன்கூட்டியே அணைச்சுத் தொலைச்சேன். அறுபது கிராம் வந்தது. "பாத்தீங்களா, ஏழு கிராம் திருட்டு உறுதி!"ன்னு குதிக்கிறான். யோவ், இன்னும் முழுசா மாறலைய்யான்னு கத்திட்டு மறுபடி பத்த வச்சு, எடை இனிமே குறையாதுங்கற வரைக்கும் காய்ச்சி, தராசுல வச்சேன். ஐம்பத்துமூணு!

"கணக்கு சரிதான்"னாங்க அம்மா. சாவிக்கொத்து மன்னிப்புக் கேட்டானா? "பள்ளிக்கூடச் சொத்தைக் காத்துல விட இவனுக்கு யாரு அனுமதி கொடுத்தா?"ன்னான். அதுக்கு ஒரு சுற்றறிக்கை வேற: இனிமேல் சோதனையின்போது ஜன்னல்களை மூடிவைக்கவும்!

ராஜினாமா எழுதிவிட்டேன். விஞ்ஞானம் தெரியாதவர்கள் சாவி வைத்திருக்கும் இடத்தில் எனக்கு வேலை இல்லை. தாங்கள் தடுக்கக் கூடாது. அக்காவுக்கு என் நமஸ்காரம்; பிள்ளைகள் நூறாண்டு நல்லபடியாக இருக்கட்டும்.

இப்படிக்கு,
தங்கள் கோபக்கார மைத்துனன்

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டுவதற்குள் நிலைமை மாறிவிட்டது. அம்மா ராஜினாமாவைக் கிழித்துப் போட்டுவிட்டு ஸ்டோரை என்னிடமே ஒப்படைத்துவிட்டார்கள். முதல் வேலையாக எல்லாவற்றையும் எடை போட்டேன். பீரோவில் ஐம்பது கிராம் பாச்சை உருண்டை இருக்க வேண்டும், முப்பத்தெட்டுதான் இருக்கிறது. எவனோ தினமும் கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்டுகிறான். கணக்கு வாத்தியார்மேல் சந்தேகம், விசாரணைக்குக் கூப்பிட்டிருக்கிறேன். வாசனை மட்டும் பீரோ முழுக்க அப்படியே இருக்கிறது அத்தான், ஆள் தப்ப முடியாது.